வேறொருவன் கல்லறையில் ஓர் அரசனின் குவளை

கல்லறையில் கிடந்தவன் ஓர் இளைஞன். அவனோடு வைத்துப் புதைத்திருந்த குவளையில் ஒரு பெயர் எழுதியிருந்தது. அது அவன் பெயர் அல்ல, பக்கத்து நாட்டு அரசனின் பெயர்.

1988இல் ஜெனிஃபர் தாஷெக், ஜோசஃப் பால் என்ற இரண்டு தொல்லியலாளர்கள் புவெனவிஸ்தா டெல் கயோ என்ற பழைய மாயா ஊரைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மத்திய அமெரிக்காவில், பெலீஸ் நாட்டின் மேற்கு எல்லையை ஒட்டி, மோபான் ஆற்றுக்கு மேலே மேட்டில் இருக்கும் ஊர் அது. அங்கே கிடைத்த இந்த மண்குவளைக்கு இன்று 'ஜான்சி குவளை' என்று பெயர். நெட்டையான உருளை, வெண்ணெய் நிறப் பூச்சின்மேல் சிவப்பும் ஆரஞ்சுமாகத் தீட்டிய படம், விளிம்பைச் சுற்றி ஒரு வரி எழுத்து. அந்த வரியில் இருந்தவன் நரன்ஹோ அரசன். நரன்ஹோ அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர், இன்றைய குவாத்தமாலாவில் இருக்கிறது. நடந்தால் ஒரு பகல்.

ஒரு பகல் தூரம்தான். ஆனால் அரசன் கையிலிருந்த குவளை அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு காரணம் வேண்டும்.

குவளைக்காரனிடமிருந்து தொடங்குவோம். காக் திலிவ் சான் சாக் என்பது அவன் முழுப்பெயர். சாக் மழைத் தெய்வம்; தீயால் வானத்தை எரிக்கிற சாக் என்று ஏறக்குறைய பொருள். இந்தப் பெயரைச் சரியாகப் படிக்கத் தெரிவதற்கு முன்னால் ஆராய்ச்சியாளர்கள் அவனை 'புகையும் அணில்' என்று அழைத்தார்கள். பெயருக்கான குறி அணில் தலைபோல் இருந்தது, அதிலிருந்து புகை எழுந்தது, அவ்வளவுதான் காரணம். தாஷெக்கும் பாலும் 1992இல் இந்தக் குவளையைப் பற்றி எழுதிய கட்டுரைத் தலைப்பில்கூட அவன் 'புகை அணில் பிரபு'தான். வானத்தை எரிப்பதாகப் பெயர் வைத்துக்கொண்டவனை அணிலாக்கிய பாவத்தை யார் தலையில் கட்டுவது?

அவன் கதை அம்மாவிடம் தொடங்குகிறது. 682 ஆகஸ்டில் தோஸ் பிலாஸ் என்ற இன்னொரு மாயா நாட்டு அரசனின் மகள் ஒருத்தி நரன்ஹோவுக்கு வந்து சேர்ந்தாள். 'ஆறு வானம்' என்ற பொருள்படும் பெயரால் ஆய்வாளர்கள் அவளைக் குறிப்பிடுகிறார்கள். நிலைகுலைந்திருந்த ஒரு ராஜவம்சத்தை மறுபடி நட்டு வைக்க வந்தவள் அவள். 688 ஜனவரியில் மகன் பிறந்தான். 693 மே மாதத்தில் அவனை அரியணையில் உட்கார வைத்தார்கள். அப்போது அவனுக்கு வயது ஐந்து. ஒரு மாதம்கூட ஆகவில்லை, படை கிளம்பிவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளையா படை நடத்தியிருப்பான்? நரன்ஹோவின் 24ஆம் எண் கல்தூணில் அந்த அம்மாள் கட்டுண்ட கைதி ஒருவனை மிதித்துக்கொண்டு நிற்கிறாள். யார் ஆண்டார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அக்கம்பக்கத்து ஊர்கள் ஒவ்வொன்றாக எரிந்தன, 710இல் யஷ்ஹாவும். 728 வாக்கில் முடிகிற அந்த ஆட்சிக்காலத்தில் ஏதோ ஒரு வருடம், அரண்மனைக்குள் ஒரு குயவரும் ஓர் எழுத்தரும் இந்தக் குவளையைச் செய்தார்கள்.

மாயாக்களிடம் திகிரி கிடையாது. களிமண்ணைத் திரிதிரியாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி அடுக்கி, இணைப்புத் தெரியாமல் வழித்துச் சுவர் எழுப்பினார்கள். அப்படி எழுப்பியும் நேரான உருளை வந்திருப்பதைப் பார்த்தால் அந்த விரல்களின்மேல் மரியாதை வருகிறது. நம் கண்ணுக்கு வண்ணமாகத் தெரிவதும் உண்மையில் மண்தான். நிறமுள்ள களிமண்ணையும் தாதுக்களையும் நீரில் கரைத்துக் குழம்பாக்கிப் பூசுவது. சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் இரும்பு, கறுப்புக்குப் பெரும்பாலும் மாங்கனீசு. பூசிக் காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றி, அதிகச் சூடில்லாத தீயில் சுடுவார்கள். இன்று பார்த்தாலும் ஈரம் காயாததுபோல் பளபளப்பது கண்ணாடிப் பூச்சினால் அல்ல, தேய்ப்பினால்.

தூரிகை பிடித்தவர் சாதாரணக் கைவினைஞர் அல்லர். மாயா மொழியில் 'த்ஸிப்' என்ற ஒரே சொல்தான் எழுதுவதையும் குறிக்கும், தீட்டுவதையும் குறிக்கும். சங்கை இரண்டாக அறுத்த பாதியில் மை வைத்துக்கொண்டு, தாள் நூலில் எழுதிய அதே கை மண்பாண்டத்திலும் எழுதியது. இந்த வேலை எவ்வளவு உயர்ந்த இடத்தில் இருந்தது என்பதற்கு நரன்ஹோவே சாட்சி. இரண்டு தலைமுறைக்குள் அங்கே அஜ் மக்சாம் என்ற ஓவியன் வருகிறான். அவன் குவளையில் தன் பெயரைக் கையெழுத்திட்டதோடு நிற்கவில்லை. பெற்றோர் பெயரையும் எழுதிவைத்தான். அப்பா நரன்ஹோ அரசன், அம்மா யஷ்ஹா ஊர்ப் பெருமகள். இளவரசன் ஒருவன் உட்கார்ந்து குவளைக்கு வண்ணம் தீட்டியிருக்கிறான். குயவர், ஓவியர் என்று நாம் பிரித்து வைத்திருக்கும் படிநிலை எதிலும் அவனைப் பொருத்த முடியாது.

ஜான்சி குவளையில் ஆடுபவர் மக்காச்சோளத் தெய்வம். ஒரு குதிகாலைத் தூக்கி, கைகளை வளைத்து, தலையைச் சற்றே சாய்த்து ஆடுகிறார். முதுகில் பெரிய சட்டம் கட்டியிருக்கிறார். அதில் மலைக்குறி, அதன்மேல் ஒரு விலங்கு, எல்லாவற்றுக்கும் மேலே இறகு. இந்த வகைக் குவளைகளில் அவர் பக்கத்தில் ஒரு குள்ளரோ கூனரோ சேர்ந்து ஆடுவது வழக்கம். இந்தப் பாணிக்கு 'ஹோல்முல் நடனம்' என்று பெயர் வந்ததற்குக் காரணம், 1909 முதல் 1911 வரை ரேமண்ட் மெர்வின் தோண்டிய ஹோல்முல் என்ற ஊர். மண்ணில் புதைந்து மறுபடி முளைக்கிற தானியத்தின் தெய்வம் இது. செத்தவனோடு புதைக்கவும் பொருத்தம், விருந்தில் குடிக்கவும் பொருத்தம்.

இந்தக் குவளையை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஜஸ்டின் கெர் என்ற புகைப்படக்காரர் குவளையைச் சுழலவிட்டு, உருளையின் முழுச் சுற்றையும் ஒரே நீளப் படமாக விரித்தெடுக்கும் கேமரா ஒன்றைச் செய்தார். மாயா குவளை ஆராய்ச்சி நடப்பதே அந்தப் படங்களின் தயவில். ஆனால் அந்தப் படம் ஒரு விஷயத்தில் நம்மை ஏமாற்றுகிறது. அதில் ஆடுகிற தெய்வம் இரண்டு முறை, அக்கம்பக்கமாக, ஒரே பார்வையில் தெரிகிறது. குவளையைக் கையில் வைத்திருந்தவனுக்கு அப்படித் தெரிந்திருக்காது. ஒருவர் மறைந்தால்தான் இன்னொருவர் வருவார். குடித்துக்கொண்டே விரலால் மெல்லத் திருப்பினால் தெய்வம் குவளையைச் சுற்றி ஆடிக்கொண்டு வரும்.

இனி எழுத்து. விளிம்பைச் சுற்றி ஓடும் இந்த வரி மாயா குவளைகள் பலவற்றில் கொஞ்சம் கூடியும் குறைந்தும் திரும்பத் திரும்ப வருகிறது. 1971இல் நியூயார்க் க்ரோலியர் கிளப்பில் மாயா குவளைகளைக் காட்சிக்கு வைத்த மைக்கேல் கோ இதைக் கவனித்தார். பெரும்பாலும் கல்லறையிலிருந்து வந்த பொருள்கள், ஒரே வரி எல்லாவற்றிலும். ஆகவே இது இறந்தவருக்கான மந்திரமாக இருக்கும் என்று நினைத்தார். கவனித்தது சரி, அர்த்தம்தான் தவறிவிட்டது. 1979இல் பீட்டர் மாத்யூஸ், அல்தூன் ஹா என்ற ஊரில் கிடைத்த காதணி ஒன்றில் 'இன்னாரின் காதணி' என்று எழுதியிருப்பதைப் படித்தார். 1987இல் ஸ்டீஃபன் ஹியூஸ்டனும் கார்ல் டௌபும் இந்தப் பெயர் போடும் பழக்கம் பாத்திரங்களிலும் இருப்பதைக் காட்டினார்கள். மந்திரம் என்று நினைத்தது கடைசியில், இது என்ன, எதற்கு, யாருடையது என்று சொல்லும் வரியாக முடிந்தது. ஏமாற்றமாக இருக்கிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மந்திரம் யாருக்கும் பொருந்தும், பெயர் ஒருவனுக்குத்தான்.

அந்த வரியில் இரண்டு சொற்களை மட்டும் கிட்டே வைத்துப் பார்க்கலாம். ஒன்று 'யுகிப்'. 'உக்' என்றால் குடி. 'இப்' கருவியைக் குறிக்கிற விகுதி. முன்னால் ஒட்டும் 'ய்' அவனுடையது என்பதற்கு. சேர்த்தால் 'அவன் குடிக்கும் பொருள்'. 'அவன்' முன்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடுவதால், அவன் யார் என்று பின்னால் சொல்லியே ஆகவேண்டும்.

இன்னொன்று 'ககவ்'. எழுதும் விதம் வேடிக்கையானது. 'க' என்ற ஒலிக்கு ஒரு மீன் படம். மாயா மொழியில் மீன் 'கய்' என்பதால். 'வ' என்ற ஒலிக்கு இன்னொரு குறி கடைசியில். நடுவில் இன்னொரு 'க' வேண்டுமே? சில எழுத்தர்கள் அதற்கு இன்னொரு குறியை வரைந்தார்கள். சிலர் மீனின் முகத்துக்கு நேரே இரண்டு சிறு புள்ளி வைத்துவிட்டு நகர்ந்தார்கள். 'இதை இரண்டு முறை படி' என்பது அதன் பொருள். இப்படி எழுதிய ககவ்தான் ஸ்பானியர் வாய்வழி உலகம் சுற்றி நம் நாக்கில் கொக்கோ ஆனது.

ககவைப் படித்தவர் டேவிட் ஸ்டூவர்ட். படிப்பு சரியென்று காட்டிய பாத்திரம் 1984இல் குவாத்தமாலாவின் ரியோ அசூல் கல்லறை ஒன்றில் கிடைத்தது. திருகி மூடும் மூடியும் தூக்கக் கைப்பிடியும் உள்ள ஜாடி. வெளியே ககவ் என்று எழுத்து. உள்ளே ஒட்டியிருந்த கசட்டை ஹெர்ஷி சாக்லேட் கம்பெனியின் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். தியோப்ரோமினும் காஃபினும் இருந்தன. இரண்டும் சேர்ந்திருந்தால் அந்தப் பகுதியில் அது கொக்கோதான். எழுத்தும் கசடும் ஒரே சாட்சி சொல்லின. அந்த ஜாடி எழுத்தைப் பற்றிய ஸ்டூவர்ட்டின் கட்டுரை வெளிவந்ததும் 1988இல்தான். இளைஞனின் கல்லறையைத் திறந்த அதே வருடம். ஒரு பத்து வருடம் முன்னால் திறந்திருந்தால், இந்தக் குவளையில் ஏதோ மந்திரம் என்றுதான் குறித்து வைத்திருப்பார்கள்.

குடித்தது எப்படி என்றும் தெரியும். அது இனிப்புக் கட்டி அல்ல, பானம். வறுத்த கொக்கோ விதையை அம்மி போன்ற கல்லில் அரைத்து, தண்ணீரில் கரைத்து, சில சமயம் மக்காச்சோள மாவும் மிளகாயும் சேர்த்துச் செய்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு குவளையில் அரண்மனைக் காட்சி ஒன்று இருக்கிறது: கிழட்டுத் தெய்வம் ஒருவர் சிம்மாசனத்தில், சுற்றிலும் பெண்கள், கீழே ஒரு முயல் உட்கார்ந்து மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கிறது. ஓரத்தில் ஒரு பெண் குனிந்து, உயரத்தில் பிடித்த குவளையிலிருந்து கீழே இருக்கும் பாத்திரத்துக்குப் பானத்தை ஊற்றுகிறாள். கை நின்ற நிலை, விழும் தாரை, எல்லாம் அப்படியே. ஆற்றுகிறாள் என்று நம் வாய் சொல்லிவிடும். ஆனால் சூடு தணிக்க அல்ல, நுரை எழுப்ப. மேலே நிற்கும் நுரைதான் அந்தப் பானத்தின் பெருமை. குவளைகள் ஏன் இவ்வளவு நெட்டை என்ற கேள்விக்கும் அந்தப் பெண்ணின் கையில் பதில் இருக்கிறது.

கொக்கோ விதை காசாகவும் புழங்கியது, திறையாகவும் கட்டப்பட்டது. மெக்சிகோவின் போனம்பாக் சுவரோவியத்தில் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் ஒரு மூட்டை; அதன்மேல் ஐந்து 'பிக்' ககவ் என்று எழுதியிருக்கிறது. ஒரு பிக் 8,000. மூட்டைக்குள் 40,000 விதை. கொக்கோவை அரைத்துக் குடிப்பது காசை அரைத்துக் குடிப்பதுதான். விருந்தினருக்கு அதை ஊற்றிக்கொடுப்பதன் அர்த்தம் இருவருக்குமே தெரிந்திருக்கும்.

இப்போது அந்த 15 கிலோமீட்டருக்கு வரலாம். மாயா அரசர்கள் விருந்து கொடுத்தார்கள். விருந்து முடிந்து போகிறவனுக்குக் குவளையும் கொடுத்தார்கள். கொடுக்கிறவன் பெயர் போட்ட குவளை. வாங்கியவன் தன் ஊருக்குப் போய், தன் ஆட்களுக்கு முன்னால் அதில் குடிக்கும்போது, தான் யாருடைய ஆள் என்று ஒவ்வொரு மடக்குக்கும் சொல்லிக்கொண்டிருப்பான். நரன்ஹோவுக்குக் கிழக்கே மோபான் ஆற்றுப் பள்ளத்தாக்கு. மோபான் மக்கால் ஆற்றோடு சேர்ந்து பெலீஸ் ஆறாகிக் கரீபியக் கடலுக்குப் போகிறது. அந்த வழியில் நம்பிக்கையான கை ஒன்று இருப்பது, எரிக்கிற வேலை நிறைய வைத்திருந்த அரசனுக்குத் தேவைதான். போரில் பறித்த பொருளாகவும் இருக்கலாமே என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தது நரன்ஹோ. அதன் அரண்மனையிலிருந்து புவெனவிஸ்தாக்காரன் பறித்து வந்திருப்பான் என்பதைவிட, கொடுத்து வாங்கியது என்பதுதான் பொருந்துகிறது. தாஷெக்கும் பாலும் அதைத்தான் சொன்னார்கள்.

எப்படி வந்திருக்கும்? வண்டி கிடையாது, பொதிமாடு கிடையாது. மனிதன் முதுகில், நெற்றியில் மாட்டிய பட்டையின் பலத்தில், துணியோ புல்லோ சுற்றி வந்திருக்கவேண்டும். மெல்லிய மண்சுவர். தூக்கி வந்தவன் வழியெல்லாம் காலைப் பார்த்தே நடந்திருப்பான்.

வந்த குவளையில் யாரும் அரசன் பெயரை அழிக்கவில்லை, தன் பெயரை மேலே எழுதவில்லை. அரசன் பெயர் இருந்ததுதான் அதன் மதிப்பு. எழுத்தின் மதிப்பு எவ்வளவு பரவியிருந்தது என்பதை இன்னொரு வகைக் குவளையிலும் பார்க்கலாம்: விளிம்பைச் சுற்றி எழுத்துபோலவே இருக்கும், படித்தால் ஒன்றும் வராது, வெறும் கோடு. அரசனின் குவளை கிடைக்காதவர்களுக்கு எழுத்தின் சாயலாவது வேண்டியிருந்தது. இங்கே இருந்ததோ அசல். அதை அந்த இளைஞனோடு வைத்துப் புதைத்தார்கள். இளவயதுச் சாவு, குடும்பத்தில் இருந்ததில் பெரியது எதுவோ அதை எடுத்து வைத்தார்கள்.

அதற்குப் பிறகு குவளைக்கு வேலை இல்லை. மேலே உலகம் மாறிக்கொண்டிருந்தது. 744இல் நரன்ஹோவைத் திகால் என்ற இன்னொரு மாயா நாடு தோற்கடித்தது. கொஞ்ச காலம் கழித்து நரன்ஹோ மறுபடி தலைதூக்கியது. அஜ் மக்சாம் அப்போது வந்தவன்தான். 820க்குப் பிறகு அங்கே தேதி போட்ட கல்தூண் எதுவும் இல்லை. அரண்மனைகள் காலியானபோது இந்தக் கலையும் காலியானது. விருந்து கொடுக்க அரசன் இல்லை என்றால் பெயர் போட்ட குவளை எதற்கு? மண்பாண்டம் செய்வது நிற்கவில்லை, சமைக்கவும் தண்ணீர் பிடிக்கவும் செய்துகொண்டுதான் இருந்தார்கள். எழுதுவதுதான் நின்றது.

இவ்வளவையும் சொல்ல முடிவதற்கு ஒரே காரணம், இந்தக் குவளை எந்தக் குழியில், யார் பக்கத்தில் கிடந்தது என்று தெரிந்திருப்பது. பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கும் மாயா குவளைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1960களிலிருந்து குவாத்தமாலாவின் பெத்தேன் காடுகளில் திருட்டுத் தோண்டல் ஒரு தொழிலாக வளர்ந்தது. கல்தூண்களை ரம்பத்தால் அறுத்து எடுத்தார்கள். மேடுகளைக் குடைந்து கல்லறைகளைக் காலி செய்தார்கள். 1971இல் லா நாயா என்ற இடத்தில், கல்தூண்களை ஆவணப்படுத்திவந்த இயன் கிரஹாமின் வழிகாட்டியைத் திருடர்கள் சுட்டுக் கொன்றார்கள். கோவின் கண்காட்சி நியூயார்க்கில் நடந்த அதே வருடம். அந்தக் கண்காட்சி இல்லாவிட்டால் குவளை எழுத்தைப் படிக்கும் வேலை இன்னும் தள்ளிப்போயிருக்கும் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தேதான் சொல்லவேண்டியிருக்கிறது. திருடர்கள் எடுத்தது பிழைத்த குவளைகளை மட்டும் அல்ல. குழியிலிருந்த எலும்பையும் உடைந்த பானையையும் மண்வெட்டியால் ஒதுக்கித் தள்ளினார்கள். சந்தைக்கு வந்தபின், நிறம் மங்கிய இடங்களில் மராமத்துக்காரர்கள் புதுச் சாயம் தீட்டிக் கோடுகளையே மாற்றிவிட்டதும் உண்டு.

சிகாகோ கலை நிறுவனத்தில் அஜ் மக்சாமின் கைவண்ணம் என்று சொல்லப்படும் குவளை ஒன்று இருக்கிறது. அதிலும் மக்காச்சோளத் தெய்வக் கோலத்தில் ஆட்டம்தான், அதே முதுகுச் சட்டம், அதே தூக்கிய குதிகால். கலையாகப் பார்த்தால் புவெனவிஸ்தா குவளையைவிட ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன். தீட்டியவன் பெயர் தெரியும், அவன் அப்பா அம்மா பெயர் தெரியும். யாருக்குக் கைமாறியது, யாரோடு புதைந்தது, அந்த ஆள் கிழவனா குழந்தையா என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. பெயர்ச்சீட்டில் ஊர் இருக்கவேண்டிய இடத்தில், நரன்ஹோ சுற்றுவட்டாரம் என்று போட்டிருக்கிறார்கள்.